தேவாரப் பாடமும் நேரடி அழைப்பும் ஒரே ஆப்பில்: அழைப்பு முடிந்தபின் சத்தம் ஏன் காது ஸ்பீக்கரிலேயே நின்றுவிடுகிறது?

செம்பனை_நிழல் (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊரை ஒட்டிய தோட்டத்துக் கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு நடக்கிறது. ஓதுவார் ஐயா ஈப்போவில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவரால் வர முடிகிறது. மற்ற நாட்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு ஆண்ட்ராய்டு ஆப் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஐயா பாடிப் பதிவு செய்த பதிகம் வரி வரியாக ஓடும், பிள்ளை கேட்டுவிட்டுத் திருப்பிப் பாட வேண்டும், சந்தேகம் வந்தால் அதே திரையில் ஒரு பட்டனைத் தட்டி ஐயாவோடு நேராகப் பேசலாம். எழுதுவது கோட்லின் என்ற நிரல் மொழியில். பாடலை ஓட்ட மீடியா3 நூலகத்தின் எக்ஸோபிளேயர், இணையம் வழி அழைப்புக்கு வெப்ஆர்டிசி.

பெற்றோரிடமிருந்து வருகிற புகார் இதுதான். பாடம் ஓடும்போது யாராவது கூப்பிட்டால் சில போன்களில் பாட்டு நிற்காமல் ரிங் சத்தத்தோடு சேர்ந்து ஓடுகிறது. ஐயாவோடு பேசி முடித்த பிறகு பாடத்தைத் தட்டினால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போலக் காது ஸ்பீக்கரில் மெல்லக் கேட்கிறது, வால்யூம் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் ஏறுவதில்லை. ப்ளூடூத் மாட்டியிருந்தால் இன்னும் குழப்பம். அழைப்பு ஒரு வழியாகவும் பாட்டு ஒரு வழியாகவும் போகிறது.

அழைப்பு வருவதைத் தெரிந்துகொள்ள ரீட் போன் ஸ்டேட் (போன் நிலையைப் படிக்கும்) அனுமதி கேட்க வேண்டுமா? அந்தப் பெட்டி வந்தாலே லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) உள்ள அம்மாக்கள் பயந்து ஆப்பை அழித்துவிடுகிறார்கள். அதைக் கேட்காமல் செய்ய வழி உண்டா?

ஈப்போ_கோட்லின்:

அனுமதி வேண்டாம் தம்பி, அந்த விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். யார் கூப்பிடுகிறார்கள் என்று உங்கள் ஆப் எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆடியோ ஃபோகஸ் என்ற ஏற்பாடு இதற்காகத்தான் இருக்கிறது. சத்தம் போடப் போகிறேன் என்று சிஸ்டத்திடம் கேட்கிறீர்கள், அது தருகிறது, வேறு ஆப்புக்குத் தேவைப்படும்போது உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டு சேதி சொல்கிறது. சிம் அழைப்பும் இந்த வழியில்தான் வருகிறது, வாட்ஸ்அப் அழைப்பும் இந்த வழியில்தான், வழி சொல்லும் வேஸ் குரலும் அப்படியே. போன் நிலையை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தால் சிம் அழைப்பு மட்டும்தான் தெரியும். நம் ஊரில் பாதிப் பேர் வாட்ஸ்அப்பில்தானே கூப்பிடுகிறார்கள், அது உங்கள் நிரலுக்குத் தெரியாமலே போய்விடும்.

எக்ஸோபிளேயரில், இந்தச் சத்தம் எதற்கு என்று சொல்லும் செட்ஆடியோஆட்ரிப்யூட்ஸ் அழைக்கும்போது இரண்டாவதாக ட்ரூ கொடுங்கள். கொடுக்காவிட்டால் பிளேயர் ஃபோகஸ் கேட்பதே இல்லை, இயல்பு நிலை அதுதான். ரிங் சத்தத்தோடு பாட்டு சேர்ந்து ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆண்ட்ராய்டு 12-லிருந்து சிம் அழைப்பு வந்தால், ஃபோகஸ் வாங்கியும் நிற்காமல் ஓடும் மீடியா ஆப்பைச் சிஸ்டமே ஊமையாக்கிவிடும். அது போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஊமையானாலும் பாட்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும், பேசி முடித்துத் திரும்பும்போது பதிகம் நாலு வரி தாண்டிப் போயிருக்கும். பாடம் படிக்கிற பிள்ளைக்கு அது பெரிய தொல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆட்ரிப்யூட்ஸில் யூசேஜ் மீடியா என்று கொடுத்துவிட்டு கான்டென்ட் டைப்பை மியூசிக் என்று போடாமல் ஸ்பீச் என்று போடுங்கள். ஆண்ட்ராய்டு 8-லிருந்து, சின்ன அறிவிப்புச் சத்தம் ஏதாவது குறுக்கே வந்தால் பாட்டின் ஒலியைச் சிஸ்டமே கொஞ்ச நேரம் தாழ்த்திவிடும். சினிமாப் பாட்டுக்கு அது சரி. பாடத்துக்குச் சரிவராது, தாழ்ந்து ஒலிக்கும் அந்த ரெண்டு வினாடியில் ஒரு சொல் காணாமல் போய்விடும். ஸ்பீச் என்று சொல்லிவிட்டால் தாழ்த்துவதற்குப் பதில் எக்ஸோபிளேயர் நிறுத்தி வைத்து, குறுக்கே வந்தது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். தேவாரம் இசைதானே என்று யாராவது கேட்டால், இந்த ஆப்பில் அது கற்கிற பாடம், பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் காதில் விழ வேண்டும் என்பதுதான் என் பதில்.

பெரட்டுக்களம்:

நிரல் எழுதத் தெரியாதவன் ஒரு வார்த்தை சொல்லலாமா? அழைப்பு முடிந்ததும் பாட்டு தானாகத் தொடங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. மகளுக்காகத்தான் இந்த மாதிரி ஆப்களை என் போனில் வைத்திருக்கிறேன், காலையில் மோட்டாரில் போகும்போது நானும் கேட்பேன். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கிற நேரத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்) கூப்பிடுகிறார், பேசிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போடுகிறேன், உடனே எல்லார் முன்னாலும் ஸ்பீக்கரில் பாட்டு. சாமி பாட்டுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் நான் கேட்காமல் என் போன் சத்தம் போடக் கூடாது.

ஈப்போ_கோட்லின்:

நீங்கள் சொல்வது நியாயம்தான் அண்ணே. ஆனால் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, அம்மாவுக்கு வந்த அரை நிமிட அழைப்புக்குப் பிறகு பாடம் தானாகத் தொடர்வதுதான் வசதி. இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் போனைத் தொட வேண்டும், தொட்டால் அடுத்து யூடியூப்புக்குத்தான் போகும்.

கோட்லின்_அக்கா (கோலா சிலாங்கூர்):

ரெண்டு பேர் சொல்வதையும் ஒரே ஆப்பில் கொண்டுவரலாம். நான் குழந்தைக் கதை ஆப் ஒன்றில் வேலை செய்கிறேன், அங்கே இப்படித்தான் வைத்திருக்கிறோம்.

ஃபோகஸ் இழப்பு ஒரே வகை இல்லை. நிரந்தரமாகப் போனது என்று சேதி வந்தால், அதாவது வேறு ஆப்பில் பாட்டோ படமோ போட்டுவிட்டார் என்றால், நாம் நின்றுவிட வேண்டும், திரும்பத் தொடங்கவே கூடாது. தற்காலிகமாகப் போனது என்று வந்தால் எக்ஸோபிளேயர் அடக்கி வைத்து, ஃபோகஸ் திரும்பியதும் தானாக ஓட்டும். அண்ணே சொல்லும் தொல்லை இந்த இரண்டாவது வகையில்தான் வருகிறது. அதற்கு ஆன்பிளேபேக்சப்ரெஷன்ரீசன்சேஞ்ச்டு என்ற நிகழ்வைப் பிடித்து நேரத்தைக் குறித்து வையுங்கள். ஒரு நிமிடத்துக்குமேல் போய்விட்டால் நீங்களே பாஸ் அழைத்துவிடுங்கள், பிறகு அது தானாக ஓடாது, அறிவிப்புப் பட்டியில் பிளே பட்டன் மட்டும் காத்திருக்கும். அதற்குள் முடிந்துவிட்டால் ஓடட்டும், ஆனால் விட்ட வினாடியிலிருந்து ஓட வேண்டாம், அந்த வரியின் தொடக்கத்துக்குப் போய் ஓடட்டும். பாதிச் சொல்லில் தொடங்கும் தேவாரத்தைக் கேட்கச் சகிக்காது.

அப்புறம் காது போன் கழன்றால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். ஒயரை உருவினாலோ ப்ளூடூத் அணைந்தாலோ சிஸ்டம் ஆடியோ பிகமிங் நாய்சி என்று ஒரு சேதி அனுப்பும், சத்தம் இனி வெளி ஸ்பீக்கரில் வரப்போகிறது என்று அர்த்தம். எக்ஸோபிளேயரில் செட்ஹேண்டில்ஆடியோபிகமிங்நாய்சியை ட்ரூ ஆக்கினால் அதுவே நிறுத்திவிடும். பெரட்டுக்களம் அண்ணே பயப்படுகிற காட்சிக்குப் பாதி மருந்து இந்த ஒரு வரி.

பெரட்டுக்களம்:

ஒரு நிமிடக் கணக்கு எனக்குச் சம்மதம். நன்றி தங்கச்சி.

மலைச்சாரல்_தாப்பா:

காது ஸ்பீக்கர் விஷயத்துக்கு யாரும் வரவில்லையே. செம்பனை_நிழல், அந்த நிலைக்குப் போன போனில் ஆப்பை முழுதாக மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறதா?

செம்பனை_நிழல்:

ஆமாம் அண்ணே, பட்டியலிலிருந்து தள்ளிவிட்டுத் திறந்தால் சரியாகிவிடுகிறது. இன்னொரு விவரம், பாட்டுக்கும் அழைப்புக்கும் ஒரே ஆட்ரிப்யூட்ஸ்தான் இப்போது நிரலில் இருக்கிறது, ரெண்டுக்கும் வாய்ஸ் கம்யூனிகேஷன்.

மலைச்சாரல்_தாப்பா:

அப்போ காரணம் ரெண்டு.

முதல் காரணம் நீங்களே சொல்லிவிட்டீர்கள். இந்தச் சத்தம் என்ன வேலைக்கு என்று நீங்கள் சொல்வதை வைத்துத்தான் சிஸ்டம் அதற்கு வழி விடுகிறது. வாய்ஸ் கம்யூனிகேஷன் என்றால் அது அழைப்பு, காதில் வைத்துக் கேட்பது, காது ஸ்பீக்கருக்குப் போகிறது. பாட்டை மீடியா என்று தனியாகச் சொல்லுங்கள், ஈப்போக்காரர் சொன்ன மாதிரி. ஆண்ட்ராய்டு 5-இல் ஆடியோ ஆட்ரிப்யூட்ஸ் வந்ததே இந்த நோக்கத்தைச் சொல்வதற்காகத்தான். அதற்கு முன்னால் ஸ்ட்ரீம் மியூசிக், ஸ்ட்ரீம் வாய்ஸ் கால் என்று எண்களாக இருந்தது. இணையத்தில் பழைய பதில்களை எடுத்து ஒட்டுபவர்கள் இன்னும் அதையே எழுதுகிறார்கள், புதிய நிரலில் அதைக் கலக்காதீர்கள்.

இரண்டாவது காரணம் மோட், அதாவது போன் இப்போது அழைப்பில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் அமைப்பு. அழைப்பு தொடங்கும்போது ஆடியோமேனேஜரில் மோட்-இன்-கம்யூனிகேஷன் வைத்திருப்பீர்கள். வைக்கத்தான் வேண்டும், எதிரொலி நீக்கம் ஒழுங்காக வேலை செய்ய அது தேவை. முடிந்ததும் மோட்-நார்மலுக்குத் திருப்பாவிட்டால் போன் இன்னும் அழைப்பில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும், வால்யூம் பட்டன் அழைப்பின் ஒலியளவைத்தான் ஏற்றி இறக்கும். அதனால்தான் எவ்வளவு அழுத்தினாலும் பாட்டு ஏறவில்லை. உங்கள் ஆப் செத்துப் போனால் அது வைத்திருந்த மோடைச் சிஸ்டம் எடுத்துவிடும், மூடித் திறந்ததும் சரியாவது அதனால்தான்.

சரி, திருப்பும் வரி உங்கள் நிரலில் இல்லையா? எப்படியும் இருக்கும், சிவப்புப் பட்டனைத் தட்டும் இடத்தில். எனக்குச் சந்தேகம் அந்தப் பட்டனைத் தட்டாமலே முடிகிற அழைப்புகளில்தான். நம் பக்கம் செம்பனைக்குள் ரெண்டு வளைவு போனால் சிக்னல் போய்விடும். வெப்ஆர்டிசி இணைப்பு டிஸ்கனெக்டட் ஆகி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஃபெய்ல்டு ஆகும். அந்தப் பாதையில் உங்கள் சுத்தம் செய்யும் நிரல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஐயா அந்தப் பக்கம் வைத்துவிடலாம், நடுவில் சிம் அழைப்பு வந்து எடுத்துவிடலாம். எப்படி முடிந்தாலும் ஒரே ஃபங்ஷன்தான் ஓட வேண்டும், அதை எத்தனை முறை கூப்பிட்டாலும் தீங்கு வரக் கூடாது.

வரிசையும் முக்கியம். தொடங்கும்போது ஃபோகஸ், பிறகு மோட், பிறகு எந்தக் கருவியில் பேசுவது என்பது. முடிக்கும்போது தலைகீழாக: முதலில் கிளியர்கம்யூனிகேஷன்டிவைஸ், அடுத்து மோட்-நார்மல், கடைசியாக ஃபோகஸைத் திருப்பிக் கொடுப்பது. ஃபோகஸை முதலிலேயே விட்டுவிட்டால் எக்ஸோபிளேயர் அந்த நொடியே பாட்டைத் தொடங்கிவிடும், மோட் இன்னும் அழைப்பிலேயே இருக்கும், முதல் ரெண்டு சொல் தப்பான வழியில் போகும்.

செட்ஸ்பீக்கர்போன்ஆன், ஸ்டார்ட்ப்ளூடூத்எஸ்சிஓ இரண்டையும் கைவிடச் சொல்லிவிட்டார்கள். ஆண்ட்ராய்டு 12-லிருந்து செட்கம்யூனிகேஷன்டிவைஸ் போதும், காது ஸ்பீக்கர், வெளி ஸ்பீக்கர், ப்ளூடூத் எல்லாம் ஒரே பட்டியலில் வரும். அதற்குக் கீழ் உள்ள பழைய போன்களுக்கு மட்டும் பழைய வழியை வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் அந்தப் போன்கள் நிறையவே இருக்கும். மோட் மாற்ற மாடிஃபை ஆடியோ செட்டிங்ஸ் அனுமதியை மேனிஃபெஸ்டில் (ஆப்பின் விவரக் கோப்பில்) எழுதினால் போதும், அம்மாக்கள் முன்னால் எந்தப் பெட்டியும் வராது.

ஓய்வுபெற்ற_கிராணி:

நான் கேட்பது வேறு. எதற்கு இவ்வளவு பாடு? ஐயாவோடு பேச வாட்ஸ்அப் இருக்கிறதே. பாட்டை மட்டும் ஆப்பில் வைத்துக்கொண்டு பேசுவதை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். சம்பளம் வாங்காமல் செய்யும் பிள்ளைகள், வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டாமா?

செம்பனை_நிழல்:

ஐயா, அதையும் யோசித்தோம். பாடம் நடக்கும் விதம் அதற்கு ஒத்துவரவில்லை. ஒரு வரி ஓடும், பிள்ளை பாடும், ஓதுவார் ஐயா திருத்துவார், மறுபடியும் அதே வரி ஓடும். ரெண்டு ஆப்புக்கு நடுவே பத்து வயதுப் பிள்ளை தாவிக்கொண்டிருந்தால் பாடம் நடக்காது. பாட்டி பேரன் போனில்தான் பார்க்கிறார்கள், அவர்களுக்கும் ஒரே திரை இருந்தால்தான் முடியும்.

ஓய்வுபெற்ற_கிராணி:

அப்படியென்றால் செய்யுங்கள். சோதிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வீட்டில் மூணு பழைய போன் கிடக்கிறது.

கோட்லின்_அக்கா (கோலா சிலாங்கூர்):

கிராணி ஐயாவின் பழைய போன்களை விட்டுவிடாதீர்கள், அவைதான் உண்மையான சோதனை. கணினியில் ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் ஆடியோ என்று அடித்தால் அந்த நேரத்தில் ஃபோகஸ் யார் கையில், மோட் என்ன, சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்று எல்லாம் எழுத்தில் வரும். அழைப்புக்கு முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, முடிந்தபின் ஒரு முறை எடுத்து ஒப்பிட்டாலே எங்கே மாட்டிக்கொண்டது என்று தெரிந்துவிடும். எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலிப் போனில்) பொய்யாகச் சிம் அழைப்பு வரவைக்கவும் கன்சோலில் ஜிஎஸ்எம் கால் என்ற கட்டளை இருக்கிறது, கிரெடிட் செலவாகாது.

வீணை_பொறியாளர்:

ப்ளூடூத் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பாட்டு சம்பந்தப்பட்டதால்.

பாட்டு கேட்கும்போது ப்ளூடூத் ஏ2டிபி என்ற வழியில் போகிறது. அது ஒரு பக்கம் மட்டும், நல்ல தரம். மைக் தேவைப்பட்டவுடன் எச்எஃப்பி என்ற இருவழிப் பாதைக்கு மாற வேண்டும், அங்கே பழைய கருவிகளில் ஒலி வினாடிக்கு 8000 மாதிரிகள்தான், கொஞ்சம் புதியவற்றில் 16,000. ஒப்பிட்டுப் பார்க்க, சிடி தரம் 44,100. அழைப்பு தொடங்கியதும் ஐயாவின் குரல் தட்டையாகிவிடுகிறது என்று யாராவது சொன்னால் அது உங்கள் நிரலின் குற்றம் இல்லை, அந்தப் பாதை அவ்வளவுதான். எல்இ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் ஒலி முறை உள்ள கருவிகளில் இது மேம்படுகிறது, ஆண்ட்ராய்டு 13-லிருந்து அதற்கு ஆதரவு இருக்கிறது, ஆனால் லயத்தில் யாரிடம் அந்தக் காது போன் இருக்கப்போகிறது?

ஆகவே அழைப்பு இருக்கும்போது பதிவுப் பாட்டை ஓட்டாதீர்கள். அழைப்பை முடித்து, ஏ2டிபி திரும்பியதும் ஓட்டுங்கள். மாறுவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், உடனே ஓட்டினால் முதல் சொல் காற்றில் போய்விடும். ஒலிக் கருவிகள் மாறுவதைச் சொல்லும் ஆடியோ டிவைஸ் கால்பேக்கில் ஏ2டிபி கருவி தெரிகிறதா என்று பார்த்து, சின்ன இடைவெளி விட்டுத் தொடங்குவது நல்லது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொன்று. வெப்ஆர்டிசி மனிதர் பேச்சுக்காகச் சீரமைக்கப்பட்டது. அதிலுள்ள இரைச்சல் நீக்கம், மாறாமல் ஒரே சீராக ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அழுத்தும். சுருதிப் பெட்டி செய்வது அதைத்தானே! ஐயா அந்தப் பக்கம் சுருதி வைத்துப் பாடினால் பிள்ளைக்குச் சுருதி கேட்காது, நீட்டிப் பிடிக்கும் கார்வையும் நடுநடுவே தேயும். தானியங்கி ஒலியளவுச் சீரமைப்பு இன்னொரு பக்கம் மெதுவாகப் பாடுவதைத் தூக்கி, உரக்கப் பாடுவதை அமுக்கிவிடும், பண்ணின் ஏற்ற இறக்கம் போய்விடும். ஆகவே பாடம் நடக்கும் அழைப்பில் இரைச்சல் நீக்கத்தையும் ஒலியளவுச் சீரமைப்பையும் அணைத்துவிடுங்கள். ஆடியோ மூலத்தை உருவாக்கும்போது கொடுக்கும் கட்டுப்பாடுகளிலும் அணைக்க வேண்டும், வெப்ஆர்டிசியின் ஒலிப் பகுதியான ஜாவாஆடியோடிவைஸ்மாட்யூலில் வன்பொருள் இரைச்சல் நீக்கியையும் அணைக்க வேண்டும், ஒன்றை விட்டால் மற்றது பிடித்துக்கொள்ளும். எதிரொலி நீக்கத்தை மட்டும் தொடாதீர்கள், ஸ்பீக்கரில் பேசுபவர்களுக்கு அது இல்லாவிட்டால் அவர்கள் குரலே அவர்களுக்குத் திரும்பி வரும். இரண்டு பக்கமும் ஒயர் காது போன் என்றால் அதையும் அணைக்கலாம், குரல் இன்னும் துலக்கமாக இருக்கும்.

செம்பனை_நிழல்:

சுருதிப் பெட்டி விஷயத்தைப் படித்ததும் ஐயாவுக்குப் போன் செய்தேன். அழைப்பில் பாடும்போது பிள்ளைகள் சுருதி விலகுகிறார்கள் என்று அவரே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாராம், அவர்கள் கவனம் இல்லாமல் பாடுவதாக நினைத்திருக்கிறார். இதற்கே இந்த இழை போட்டது போதும் என்று தோன்றுகிறது. மிக்க நன்றி.

ஆப்பிள்_சித்தப்பா:

ஐபோனுக்கும் எழுதுவீர்கள் என்றால் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே ஏவி ஆடியோ செஷன் என்ற ஒன்றுதான் எல்லாம். பாடம் ஓடும்போது பிளேபேக் கேட்டகரி, அப்போதுதான் பக்கத்திலுள்ள சைலன்ட் சுவிட்ச் போட்டிருந்தாலும் பாட்டு கேட்கும். இயல்பான கேட்டகரியில் விட்டால் சத்தமே வரவில்லை என்று புகார் வரும். பேசும்போது பிளே-அண்ட்-ரெக்கார்டு, மோட் வாய்ஸ் சாட். இதுவும் இயல்பில் காது ஸ்பீக்கருக்குத்தான் போகும், முடிந்ததும் பிளேபேக்குக்குத் திருப்ப வேண்டும். குறுக்கீடு தொடங்கியது, முடிந்தது என்று ரெண்டு சேதி உண்டு, முடிந்தது என்ற சேதியில் ஷுட் ரெஸ்யூம் குறி இருந்தால் மட்டும் பாட்டைத் தொடருங்கள். தொடங்கியதற்கு முடிந்தது கட்டாயம் வரும் என்று நம்பி எழுதாதீர்கள், வராமலும் போகும்.

அழைப்புக்கு கால்கிட், அதாவது ஐபோனின் சொந்த அழைப்புத் திரையோடு நம் அழைப்பை இணைக்கும் ஏற்பாடு. ஐஓஎஸ் 13-லிருந்து, வாய்ப் புஷ் (இணைய அழைப்பு வருவதைச் சொல்லும் சேதி) வந்தால் கால்கிட்டிடம் அழைப்பு வந்திருக்கிறது என்று உடனே சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் சிஸ்டம் ஆப்பையே கொன்றுவிடும். ஆடியோவை நீங்களாக முன்கூட்டித் தொடங்காமல், ஆடியோ தயார் என்று கால்கிட் சொல்லும் டிட்ஆக்டிவேட் வந்த பிறகு தொடங்குங்கள்.

ஈப்போ_கோட்லின்:

ஆண்ட்ராய்டிலும் அதே மாதிரி கோர்-டெலிகாம் என்ற ஜெட்பேக் நூலகம் இருக்கிறது, ஆண்ட்ராய்டு 8-லிருந்து வேலை செய்யும். நடுவில் சிம் அழைப்பு வந்தால் உங்கள் அழைப்பை ஹோல்டில் வைப்பது, ப்ளூடூத் பட்டனில் எடுப்பது எல்லாம் அதன் வழியாகச் சுலபம். பின்னணியில் ஓட ஃபோர்கிரவுண்ட் சர்வீஸும் (அறிவிப்பு காட்டியபடி ஓடும் சேவை) வேண்டும். ஆண்ட்ராய்டு 14-ஐக் குறிவைத்தால் அதன் வகையைச் சொல்லியே ஆக வேண்டும், பாட்டுக்கு மீடியா பிளேபேக், அழைப்புக்கு மைக்ரோஃபோன். 15-ஐக் குறிவைத்தால் ஆப் முன்னால் இல்லாமலும் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் இல்லாமலும் ஃபோகஸ் கேட்டால் கிடைக்காது.

பெரட்டுக்களம்:

ஒரு சின்னக் கேள்வி. மகள் போனைக் காதில் வைத்துப் பேசும்போது கன்னம் பட்டு அழைப்பு அறுந்துபோகிறது. எல்லா ஆப்பிலும் அப்படி ஆவதில்லை, சிலதில் மட்டும்.

மலைச்சாரல்_தாப்பா:

காதருகே வந்ததும் திரையை அணைக்கிற ப்ராக்சிமிட்டி வேக் லாக் அந்த ஆப்களில் போடவில்லை அண்ணே. பவர்மேனேஜரில் ப்ராக்சிமிட்டி ஸ்க்ரீன் ஆஃப் என்ற வகையைக் கேட்டு வாங்க வேண்டும். செம்பனை_நிழல், காது ஸ்பீக்கரில் பேசும்போது மட்டும் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளி ஸ்பீக்கருக்கோ ப்ளூடூத்துக்கோ மாறியவுடன் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் போனுக்கு மேல் கை போனாலே திரை அணைந்துவிடும். விடுவிக்கும் வரியையும் நான் மேலே சொன்ன அந்த ஒரே ஃபங்ஷனுக்குள் போட்டுவிடுங்கள்.